பியோர்ன் வால்ரூஸ் எப்போது விற்றார்?

வரி, முதலீட்டு ஆலோசனைதான் என் பிழைப்பு. போன மாதம் வந்த ஒருவர், பின்லாந்து வங்கியாளர் பியோர்ன் வால்ரூஸைப் பற்றிய செய்தி ஒன்றை போனில் காட்டி, "பாருங்க சார், வாரிசு வரியே கூடாதுங்கிறார்" என்றார். நம்மூரில் அந்த வரி 1985-லேயே ஒழிந்துவிட்டது. வந்தவருக்கு இருப்பது இரண்டு மனை, இரண்டு கடன். சேமிப்புக் கணக்கில் மூன்று மாதச் செலவுக்குக்கூடப் பணம் இல்லை.

சரி, வால்ரூஸுக்கு வருவோம். மாணவராக இருந்தபோது இடதுசாரி, அப்புறம் பொருளாதாரப் பேராசிரியர், 1985-இல் வங்கி வேலை. 1990-களின் தொடக்கத்தில் பின்லாந்தில் வெளிநாட்டு நாணயத்தில் கடன் வாங்கியிருந்தவர்கள், அந்நாட்டு நாணயமான மார்க்காவின் மதிப்பு இறங்கியதும், வாங்கியதைவிட அதிகம் கட்ட வேண்டியவர்களாகி, வங்கிகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தார்கள். அந்தக் களேபரத்துக்கு நடுவே, 1992-இல், அவர் வெளியே வந்து மந்தாட்டும் என்ற முதலீட்டு வங்கி நிறுவனத்தைக் கட்டினார். பின்பு அது சாம்போ என்ற நிதிக் குழுமத்தோடு சேர, இவர் அதன் தலைமைக்கு வந்தார்.

நான் வாடிக்கையாளர்களிடம் சொல்வது இதற்கு அடுத்த கட்டத்தைத்தான். 2006-இல், வங்கிப் பங்குகளை எல்லோரும் போட்டி போட்டு வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், சாம்போவின் வங்கியை டென்மார்க்கின் டான்ஸ்கே வங்கிக்குச் சுமார் 400 கோடி யூரோவுக்கு விற்க ஒப்பந்தம் போட்டார். முழுதும் ரொக்கம். 2008-இல் உலகமே பணத்துக்குத் திண்டாடியபோது இவர்கள் கையில் பணம் இருந்தது. அப்போது ஸ்வீடனில் தலைமையகம் இருந்த நோர்டியா வங்கியின் பங்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு வரை சேர்த்தார்கள். 2011-இல் அவரே நோர்டியாவின் தலைவர்.

அவருடைய கருத்துகள்? அரசு சிறுக்க வேண்டும், வரி குறைய வேண்டும். பின்லாந்தின் வாரிசு வரி பிடிக்காமல், அந்த வரியே இல்லாத ஸ்வீடனுக்குக் குடிபெயர்ந்தார். வேடிக்கை என்னவென்றால், அவர் தலைமையிலிருந்த நோர்டியா, ஸ்வீடனில் வங்கிகளுக்கான கட்டணம் கூடுகிறது என்று 2018-இல் தலைமையகத்தைப் பின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கிக்கு மாற்றியது. ஆள் ஒரு பக்கம், வங்கி எதிர்ப்பக்கம். இரண்டுக்கும் பின்னால் ஒரே கணக்கு. அதைக் கொள்கை என்று நான் சொல்ல மாட்டேன்.

வந்தவரிடம் இதையெல்லாம் சொல்லி, ஒரு மனையை இப்போது விற்றால் இரண்டு கடனும் தீர்ந்து, கொஞ்சம் கையிலும் நிற்கும் என்று பேப்பரில் எழுதிக் காட்டினேன். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஏறும்ல சார்?" என்றார்.