மார்கழிக் கிணறும் லெனேசியா போர்வெல்லும்

ஜூலை மாதம், தென்னாப்பிரிக்காவில் அது குளிர்காலம். காலை ஆறரை மணி. ஜோஹன்னஸ்பர்க்கின் தெற்கே, லெனேசியாவில், புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. பக்கத்து வீட்டு ஆயா போர்வெல் மோட்டாரைப் போட்டுவிட்டு வாளித் தண்ணீரில் கையை விட்டபடி நின்றிருந்தார். "தொட்டுப் பாரு கண்ணு, பூமிக்குள்ள நெருப்பு இருக்கு!" என்றார்.

தொட்டேன். மார்கழி விடியலில் எங்கள் ஊர்க் கிணற்று நீர் இருக்குமே, அதே வெதுவெதுப்பு. தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால் 18 டிகிரிதான். விறைத்த கைக்கு அது சூடு. ஜனவரி வெயிலில் இதே தண்ணீர் ஜில்லென்று இருக்கும். மண்ணுக்குள் இருக்கும் இந்தச் சூட்டை வைத்தே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கலாம்.

ஆயா சொன்ன நெருப்பு பொய்யில்லை, ஆனால் அது ரொம்பத் தள்ளி இருக்கிறது. இங்கிருந்து மேற்கே ம்போனெங் தங்கச் சுரங்கத்தில் கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் இறங்கினால் பாறை 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். ஆட்கள் வேலை பார்ப்பதற்காக மேலிருந்து ஐஸ் கூழை உள்ளே அனுப்புகிறார்கள். அவ்வளவு ஆழத்துக்கே இவ்வளவுதான் என்றால், 100 மீட்டர் போரில் அந்த நெருப்பின் பங்கு ஒரு டிகிரி சொச்சம். மீதியெல்லாம் வெயில் போட்டு வைத்த சேமிப்பு.

மண் வெப்பத்தை ஆமை வேகத்தில்தான் கடத்தும். பகல் சூடும் ராத்திரிக் குளிரும் அரை மீட்டருக்குள் அடங்கிவிடும். பருவங்கள் இன்னும் கீழே போகும், ஆனால் தாமதமாக, இளைத்துப்போய். மண்ணின் தன்மையைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும் என்றாலும், ஜூலைக் குளிர் 3 மீட்டர் ஆழத்தைத் தொட ஏறக்குறைய செப்டம்பர் ஆகிவிடும். 8 மீட்டரை எட்டும்போது மேலே ஜனவரி வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்! அதற்குள் அந்தக் குளிர் ஒரு டிகிரிகூடத் தேறாது. 10 மீட்டருக்கும் கீழே வருடம் முழுக்க ஒரே வெப்பநிலை, அந்த ஊரின் வருடச் சராசரியை ஒட்டி. ஜோஹன்னஸ்பர்க்கின் சராசரி சுமார் 16, டர்பனுக்கு 21.

சரி, 18 டிகிரி பூமியை வைத்து வீட்டை எப்படி 22 டிகிரிக்குச் சூடாக்குவது? வெப்பமும் தண்ணீர் மாதிரி, தானாகப் பள்ளத்துக்குத்தான் ஓடும். மேட்டுக்கு ஏற்றப் பம்பு வேண்டும். அந்தப் பம்பு உங்கள் சமையலறையிலேயே ஃபிரிட்ஜ் என்ற பெயரில் நிற்கிறது. உள்ளே இருக்கும் தக்காளியிலிருந்து உறிஞ்சிய சூட்டைத்தான் அது வெளிப்பக்கம் கொட்டுகிறது.

தக்காளிக்குப் பதில் தோட்டத்து மண் என்று வைத்துக்கொள்ளுங்கள். போருக்குள் 'யு' வடிவில் இறக்கிய பாலித்தீன் குழாயில் தண்ணீர் சுற்றி வந்து மண்ணின் சூட்டைக் கொண்டுவருகிறது. வீட்டுக்குள் இருக்கும் இயந்திரத்தில், மெக்கானிக்குகள் 'கேஸ்' என்று சொல்லும் திரவம் அந்தச் சூட்டை வாங்கிக் கொதிக்கிறது. 10 டிகிரித் தண்ணீரே அதைக் கொதிக்க வைக்கப் போதும். கொதித்து வந்த ஆவியை கம்ப்ரஸர் நெருக்கினால் அது 40 டிகிரிக்கு மேல் சூடாகும் (சைக்கிள் பம்பின் அடியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்). அந்தச் சூட்டை வீட்டுத் தரைக்கடியில் ஓடும் குழாய்க்குக் கொடுத்துவிட்டு ஆவி மறுபடி திரவமாகிறது. ஒரு குறுகலான வால்வைத் தாண்டியதும் அழுத்தம் விழுந்து குளிர்ந்து, மீண்டும் மண்ணின் சூட்டுக்குக் கை நீட்டுகிறது.

கம்ப்ரஸருக்குச் செலவாகும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு யூனிட் சூடு வீட்டுக்குள் வரும். சாதாரண ஹீட்டரில் ஒன்றுக்கு ஒன்றுதான். கோடையில் ஒரு வால்வைத் திருப்பினால் ஓட்டம் தலைகீழாகி, வீட்டுச் சூடு மண்ணுக்குள் போகும். ஒன்றும் புது யோசனையில்லை. மண்ணிலிருந்து சூடெடுக்கும் பம்புக்கு ஹைன்ரிக் ட்ஸோலி என்ற சுவிஸ் பொறியாளர் 1912லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்.

காற்றிலிருந்து சூடெடுக்கும் பம்புகள் இங்கே கீசருக்குப் பதிலாகப் பல வீடுகளில் ஓடுகின்றன. குழி தோண்ட வேண்டாம், விலையும் குறைவு. ஆனால் சூடு அதிகம் தேவைப்படும் உறைபனி ராத்திரியில்தான் அவை திணறும். டர்பனில் அந்தக் கவலையே இல்லை. சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ இருக்கும் சொந்தக்காரர்கள் கேட்டால், மண்ணைத் தோண்டாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

லெனேசியாவில் இன்னொரு சிக்கல் உண்டு. பல இடங்களில் அடியில் டோலமைட் பாறை. காலங்காலமாகத் தண்ணீரில் கரைந்து பொந்து விழுந்த ஜாதி. தண்ணீர் கசிந்தாலோ நிலத்தடி நீர் இறங்கினாலோ மேல் மண் அந்தப் பொந்துக்குள் சரியும். 1962 டிசம்பரில் வெஸ்ட் டிரைஃபொன்டைன் சுரங்கத்தில் இப்படித் திறந்த பள்ளம் ஒரு கட்டடத்தையே விழுங்கி 29 பேரைக் கொன்றது. அதனால் மண் பரிசோதனை இல்லாமல் இங்கே யாரும் துளையிடக் கூடாது. குழாயைச் சுற்றி சந்து விடாமல் பூசி அடைக்கவும் வேண்டும்.

ஆயாவின் வீட்டுக்குக் கணக்குப் போட்டேன். குளிர் ராத்திரிக்கு 6 கிலோவாட் சூடு வேண்டும். அதில் கால்வாசி கம்ப்ரஸருக்குப் போகும் மின்சாரம், மீதி 4.5 கிலோவாட் மண் தர வேண்டும். மீட்டருக்கு 50 வாட் கிடைக்கும் என்று தோராயமாக வைத்தால் 90 மீட்டர் குழி.

ஆயா கூரையை அண்ணாந்து பார்த்தார். "சூடு மேலேயே ஓடிப் போகுதே. முதல்ல சீலிங்குக்கு மேல பஞ்சு போட்டா என்ன?"

பஞ்சு போட்டு, ஜன்னல் இடுக்கையும் அடைத்து, தேவை பாதியாகக் குறைவதாக வைத்து மறுபடி கணக்குப் போட்டேன். 45 மீட்டர்.