காமா காசியோப்பியா மீது ஒரு கண் இருக்கட்டும்

விண்மீன் ஒன்று மங்கியது, அல்லது பிரகாசமானது என்று செய்தி வந்தால் போதும், "வெடிக்கப் போகிறதாமே?" என்ற கேள்வி அடுத்த நாளே என்னிடம் வந்துவிடும். 2019 கடைசியில் திருவாதிரை மங்கத் தொடங்கியபோதும் இதே கதைதான். அது வெடிக்கவில்லை. தானே கக்கிய தூசு அதன் ஒளியை மறைத்தது, சில மாதங்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது.

விண்மீன்களின் நிறமாலையை, அதாவது நிறம் நிறமாகப் பிரித்த ஒளியைப் படிப்பது என் தொழில். இந்த வெடிப்புப் பீதியைவிட என்னை அதிகம் உறுத்துவது, ஒளி உண்மையிலேயே மாறும்போது பார்க்க ஆளில்லாமல் போவதுதான். அதற்குத்தான் காமா காசியோப்பியாவைப் பற்றி எழுதுகிறேன்.

வடக்கு வானில் ஐந்து விண்மீன்கள் கோணல்மாணலாக வரிசைகட்டி நிற்கும் காசியோப்பியா கூட்டத்தின் நடு விண்மீன் இது. சுமார் 550 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 25,000 கெல்வின், சூரியனைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். நீலவெண் நிறம் அதனால்தான். சூரியனின் நடுக்கோடு வினாடிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது. காமா காசியோப்பியாவில் அந்த வேகம் 400 கிலோமீட்டரைத் தாண்டும்.

இந்த வேகத்தில் சுழலும் விண்மீன் உருண்டையாக இருக்க முடியாது. இதைப்போலவே வேகமாகச் சுழலும் அகெர்னார் என்ற விண்மீனை 2003-இல் அளந்தபோது, அதன் நடுப்பகுதி துருவ அளவைவிட ஒன்றரை மடங்கு புடைத்திருப்பது தெரிந்தது. புடைத்த இடத்தில் ஈர்ப்பின் பிடி தளர்கிறது. அங்கே விண்மீனின் துடிப்பு போன்ற சிறு உந்துதல் சேர்ந்தாலும் வாயு வெளியே தப்பி, விண்மீனைச் சுற்றித் தட்டாகப் படர்கிறது. காமா காசியோப்பியாவின் ஒளி அவ்வப்போது மாறுவதன் சூட்சுமம் இந்தத் தட்டில்தான் இருக்கிறது. தட்டு அடர்ந்தால் அதன் ஒளியும் சேர்ந்து விண்மீன் பிரகாசமாகத் தெரியும். கலைந்தால் அந்த ஒளி போய்விடும். தட்டை விளிம்புப் பக்கமாக நாம் பார்க்க நேர்ந்தால், அதுவே விண்மீனை மறைத்து மங்கவும் வைக்கும். விண்மீனின் கருவில் எதுவும் நடக்கவில்லை. கனமான விண்மீன் என்பதால் வருங்காலத்தில் ஒருநாள் அது வெடிக்கலாம், ஆனால் இந்த ஏற்ற இறக்கம் அதற்கு அறிகுறி அல்ல. வெடித்தாலும் 550 ஒளியாண்டு தொலைவிலிருந்து பூமிக்கு ஆபத்தில்லை.

நிறமாலையில் இந்தத் தட்டு தன்னை மறைக்கவே முடியாது. இத்தாலியின் ஆஞ்செலோ செக்கி 1866-இல் இதைப் பார்த்தபோது, கருங்கோடாக இருக்க வேண்டிய ஹைட்ரஜன் கோடு பளிச்சென்று ஒளிர்ந்தது. இப்படிக் கோடு ஒளிரும் 'பிஇ' (Be) வகையில் முதலில் அறியப்பட்ட விண்மீன் இதுதான். இவ்வகை விண்மீன் பலவற்றில் அந்தக் கோடு இரண்டு முகடுகளாகப் பிரிந்திருக்கும். தட்டில் நம்மை நோக்கி வரும் பக்கத்துக்கு ஒன்று, விலகிப் போகும் பக்கத்துக்கு ஒன்று. இரண்டும் ஒரே உயரத்தில் இல்லாவிட்டால், தட்டு ஒருபக்கம் அடர்ந்திருக்கிறது என்று பொருள். ஆண்டுகள் செல்லச்செல்ல ஒரு முகடு தாழ்ந்து மற்றது உயர்வதைப் பார்ப்பதில் எனக்கு இன்னும் அலுப்புத் தட்டவில்லை.

1937-இல் காமா காசியோப்பியாவின் பொலிவெண் 1.6 வரை போனது. எண் குறையக்குறைய ஒளி அதிகம் என்று கொள்ள வேண்டும். 1940 வாக்கில் அது 3.0-க்கு விழுந்தது. இப்போது 2.1, 2.2 என்ற அளவில் நிற்கிறது. அடுத்த எழுச்சி எப்போது என்று சொல்ல யாரிடமும் கணக்கு இல்லை. பெரிய தொலைநோக்கிகள் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் முடியாது. வானத்தை வருடிப் படமெடுக்கும் பெரும் கருவிகளுக்கு இவ்வளவு பிரகாசமான விண்மீன்கள் கண்கூசும் ஒளி, அளவீடே கெட்டுவிடும். விருச்சிகத்தின் அனுஷ விண்மீன்களில் ஒன்றான டெல்டா ஸ்கார்ப்பி 2000-இல் திடீரென்று பொலிவு கூடியபோது, அதைக் கண்டுபிடித்தவர் அர்ஜென்டினாவின் செபாஸ்டியன் ஓட்டெரோ. வெறும் கண்ணால்தான் பார்த்தார். ஒளி மாறாதது என்றே பலரும் நினைத்திருந்த விண்மீன் அது!

பார்க்கும் முறையில் கொஞ்சம் கவனம் வேண்டும். காமாவை அதே கூட்டத்தின் பீட்டா விண்மீனோடும் (பொலிவெண் 2.3) டெல்டாவோடும் (2.7) ஒப்பிடுங்கள். ஆல்ஃபாவும் கிட்டத்தட்ட அதே பொலிவுதான், ஆனால் ஆரஞ்சு நிறம். செந்நிற விண்மீனை உற்றுப் பார்க்கப் பார்க்க அது கூடுதல் பிரகாசமாகத் தோன்றும், கணக்கு தப்பும். கூட்டம் வானில் நன்றாக உயர்ந்திருக்கும் நேரமாகப் பாருங்கள். அடிவானத்தருகே தாழ்ந்திருக்கும் விண்மீனின் ஒளியைக் காற்று அதிகம் விழுங்கிவிடும். கைபேசிப் படத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள், அது தானாகவே ஒளியைத் திருத்திவிடுகிறது. ஊர் விளக்கு வெளிச்சத்திலும் இந்த விண்மீன்கள் தெரியும் என்பதால் இருண்ட இடம் தேடி அலைய வேண்டியதில்லை.

காமா டெல்டாவைவிட மங்கித் தெரிந்தாலோ, பீட்டாவைவிடத் துலக்கமாகப் பிரகாசித்தாலோ, அடுத்த இரவும் பார்த்து உறுதி செய்துகொண்டு, 1911 முதல் இயங்கும் அமெரிக்க மாறும் விண்மீன் நோக்கர் சங்கத்துக்கு இணையம் வழியே அனுப்புங்கள். உலகப் பொது நேரம், ஒப்பிட்ட விண்மீன்கள், நீங்கள் மதிப்பிட்ட பொலிவெண் ஆகியவை போதும். மாற்றமே இல்லாத இரவுகளையும் அனுப்புங்கள், ஒளி எப்போது மாறத் தொடங்கியது என்பதைப் பின்னால் அவற்றை வைத்துத்தான் கணிக்கிறோம். சிறு தொலைநோக்கியில் நிறமாலைமானி பொருத்தியிருப்பவர்கள் 656.3 நானோமீட்டர் ஹைட்ரஜன் கோட்டை எடுத்து, பாரிஸ் வான் ஆய்வகம் இவ்வகை விண்மீன்களுக்கென்றே நடத்தும் பெஸ் தரவுத்தளத்தில் சேர்க்கலாம். ஆர்வலர்கள் அனுப்பும் நிறமாலைகளையும் அங்கே ஏற்கிறார்கள்.