சப்வேயில் மட்டும் ஏன் தண்ணீர் நிற்கிறது?

சுரங்கம் என்ற ஒரே சொல்லை நாம் எத்தனை விஷயத்துக்குச் சொல்கிறோம் பாருங்கள். மாம்பலத்தில் ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போகிற துரைசாமி சப்வே சுரங்கப்பாதை, சென்ட்ரல் எதிரே ரோட்டைக் கடக்க இறங்குவதும் சுரங்கப்பாதை, மெட்ரோ ஓடுவதும் சுரங்கம், அட, வானம் பார்க்கத் திறந்து கிடக்கும் நெய்வேலி நிலக்கரிக் குழிக்கும் அதே பெயர்தான். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக்குள் யானைகள் போய்வரும் வழி 'சுருங்கை வீதி'. பெயர் ஒன்று, வேலை செய்கிற விதம் வேறு வேறு. எது எப்படிப்பட்டது என்று தெரிய ஒரு கேள்வி போதும்: உள்ளே வந்த தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?

கேரளத்துக் காசர்கோட்டுக்காரர்களிடம் சுரங்கம் என்றால் அது தண்ணீர் தரும் கிணறு. செம்புரைக்கல் மலைச்சரிவில் ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்குப் படுக்கைவாட்டில் குடைந்துகொண்டே போவார்கள், உள்ளே போகப் போகத் தரை லேசாக மேடேறும். பாறையில் கசிகிற நீர் தானாகவே வாய்ப்பக்கம் வழிந்து வெளியே தொட்டியில் சேர்ந்துவிடும். மோட்டார் வேண்டாம், கயிறு வேண்டாம். ஈரானில் கிலோமீட்டர் கணக்கில் ஓடும் கனாத்து என்ற நிலத்தடி நீர்வழிகளும் இதே சூத்திரம்தான்.

நம்ம சப்வே இதற்கு நேர் எதிர். தண்டவாளத்தைத் தூக்க முடியாது, அதனால் ரோட்டை இறக்கியிருக்கிறார்கள். இரண்டு வாயும் மேடு, நடுவில்தான் பள்ளம். அக்கம்பக்கத்துத் தெருவின் மழை எல்லாம் இரண்டு சரிவிலும் ஓடிவந்து அங்கே சேரும், வெளியேற இயற்கையாக வழியே கிடையாது, பம்ப் வைத்து இறைத்தால்தான் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீரும் மேலே ஏறியிருக்கும், இறைத்த தண்ணீரை வாங்கிக்கொள்ள வேண்டிய கால்வாயும் நிரம்பி ஓடும். வியாசர்பாடி கணேசபுரம் சப்வே பெருமழைக்கு மூடப்படுவது இதனால்தான். தயவுசெய்து அந்தத் தண்ணீரில் வண்டியை விடாதீர்கள். நீர்மட்டம் சமமாகத் தெரியும், அடியில் ரோடு சரிந்துகொண்டே போகும், நுழையும்போது கணுக்கால் அளவு இருப்பது கொஞ்ச தூரத்தில் கழுத்தளவு ஆகிவிடும்.

அப்புறம் மெட்ரோ. இங்கே மழை பெரிய எதிரி இல்லை, சுற்றியுள்ள மண்ணில் ஊறிக்கிடக்கும் நீர்தான் எதிரி. பத்து மீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும், இருபது மீட்டரில் இரண்டு. சென்னையில் மணலும் களிமண்ணும் வந்து, சட்டென்று கருங்கல்லும் எதிர்ப்படும். துளையிடும் இயந்திரத்தின் முகப்பில் சுழலும் தட்டு மண்ணைச் சுரண்டும், நுரை கலந்ததும் அந்த மண் பற்பசை மாதிரி குழைந்து பின்னாலிருக்கும் அறையை நிரப்பும். அந்த அறையின் அழுத்தத்தை வெளியே இருக்கும் மண், நீர் இரண்டின் அழுத்தத்துக்கும் ஈடாக வைத்திருப்பதுதான் முழு வித்தையும். திருகு போன்ற குழாய் வழியாக மண்ணை வேகமாக எடுத்துவிட்டால் மேலே ரோடு உள்வாங்கும், மெதுவாக எடுத்தால் ரோடு உப்பும். ஆற்றுக்கு அடியிலும் இதே கணக்குதான், அடையாற்றைக் கடந்த இயந்திரத்துக்குக் காவேரி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இயந்திரம் நகர நகர, பின்னாலேயே கான்கிரீட் வில்லைகளை வளையமாகப் பூட்டுவார்கள். வட்டம் ஏன் என்றால், சுற்றிலுமிருந்து மண் அழுத்தும்போது வளையம் வளையாமல் இறுகும், கான்கிரீட்டுக்கு இறுக்கத்தைத் தாங்குவது சுலபம். வில்லைகளுக்கு இடையே ரப்பர் பட்டை, வளையத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் சிமென்ட் கலவை. துளைத்தபடியே பின்னால் சுவர் கட்டுகிற இந்த யோசனை மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவைப் பார்த்து மார்க் பிரூனல் என்ற பொறியாளருக்கு வந்ததாகச் சொல்வார்கள். தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் அவர் 1825-இல் ஆரம்பித்த சுரங்கம் 1843-இல்தான் திறந்தது, நடுவே பலமுறை ஆறு உள்ளே புகுந்தது.

இத்தனைக்கும் பிறகு மெட்ரோவுக்குள் மழைநீர் வர மிச்சமிருக்கும் பெரிய வழி நிலைய வாசல்தான். அதனால்தான் அங்கே இறங்குவதற்கு முன்னால் சில படிகள் ஏறவேண்டியிருக்கிறது: வாசல் தெருவை விட உயரமாக இருந்தால், தெருவில் ஓடும் வெள்ளம் உள்ளே எட்டிப்பார்க்காது.