துருசும் விட்டமின் ஈ மாத்திரையும்

குலசேகரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். ரப்பர் தோட்டங்களில் மருந்து அடிக்கும் அவருடைய அண்ணன் தினமும் ஒரு விட்டமின் ஈ மாத்திரை போடுகிறாராம். அது இருந்தால் கல்லீரலை விஷம் அண்டாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. பருவமழைக்கு முன்னால் ரப்பர் இலை உதிராமலிருக்க அடிப்பது பெரும்பாலும் செம்பு மருந்து: துருசும் (காப்பர் சல்ஃபேட்) சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை, அல்லது எண்ணெயில் கலக்கும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு. உடம்பில் மிஞ்சும் செம்பைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியேற்றிவிடும். அளவு மீறினால் அங்கேயே தங்கும். போர்ச்சுகலின் திராட்சைத் தோட்டங்களில் பல வருஷம் போர்டோ கலவை அடித்தவர்களின் நுரையீரலிலும் கல்லீரலிலும் செம்பு படிந்திருந்ததை 1960, 70களிலேயே மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள்.

தங்கிய செம்பு என்ன செய்யும்? செல்லில் இயல்பாக உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடை உடைத்து, ஹைட்ராக்சில் என்ற ஃப்ரீ ராடிக்கலை உருவாக்கும். இணையில்லாத ஓர் எலக்ட்ரானோடு அலைகிற மூலக்கூறு அது. செல் சவ்வில் இருக்கும் கொழுப்பிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்ளும். பறிகொடுத்த கொழுப்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்து பக்கத்துக் கொழுப்பில் பிடுங்கும், அது அடுத்ததில். மாசி வெயிலில் ரப்பர் சருகில் தீப்பொறி விழுந்தது போலத்தான்.

இங்கேதான் விட்டமின் ஈ வருகிறது. ஏறக்குறைய ஆயிரம் கொழுப்பு மூலக்கூறுகளுக்கு நடுவே ஒன்றாகச் சவ்வுக்குள் உட்கார்ந்திருக்கும் அது, தன் ஹைட்ரஜனைத் தானே கொடுத்து அந்தச் சங்கிலியை அறுத்துவிடுகிறது. இப்போது அதுவும் ஒரு ராடிக்கல்தான். ஆனால் மிஞ்சிய எலக்ட்ரான் அதன் வளையம் முழுக்கப் பரவிவிடுவதால் சாதுவாக இருக்கும். அப்புறம் சவ்வின் ஓரத்தில், தண்ணீர்ப் பக்கமிருந்து விட்டமின் சி ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. இந்தக் கைமாற்றத்தை பாக்கர், ஸ்லேட்டர், வில்சன் மூவரும் 1979இல் நேரடியாகவே அளந்து காட்டினார்கள். விட்டமின் சியைப் புதுப்பிக்க, செல்லே தயாரித்துக்கொள்ளும் குளூட்டாதயோன் என்ற பொருள் உண்டு. குளூட்டாதயோனைப் புதுப்பிக்கத் தேவையான எலக்ட்ரான்கள், நாம் சாப்பிடும் சோற்றின் குளுக்கோஸிலிருந்து வருகின்றன! இத்தனை சிக்கனமான ஏற்பாட்டை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புதான்.

சரி, மீதிப் பாதி? மாத்திரைக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த சோதனைகளில் பல, எலிகளுக்கு விட்டமினை முன்கூட்டியே கொடுத்துவிட்டு அப்புறம் விஷம் கொடுத்தவை. அதை வைத்து மனிதரையும் அது காக்கும் என்று சொல்லிவிட முடியாது. இன்னும் நூறு எலிகளுக்குச் செலவழிப்பதைவிட, மருந்து அடிப்பவர்களின் ரத்தத்தை வருஷம் ஒருமுறை பரிசோதிக்கப் பணம் ஒதுக்கலாம் என்பது என் கருத்து. பாராசிட்டமால் அளவு மீறிப் போய்க் கல்லீரல் ஆபத்தில் இருப்பவருக்குக்கூட மருத்துவர்கள் இந்த விட்டமின்களை நம்புவதில்லை. குளூட்டாதயோனுக்கு மூலப்பொருளான அசிட்டைல்சிஸ்டீனைத்தான் ஏற்றுகிறார்கள், அதுவும் முதல் 8 மணி நேரத்துக்குள் என்றால் பலன் மிக நன்று. செம்பு விஷயத்தில் இன்னொரு வம்பும் உண்டு: சோதனைக் குழாயில் செம்போடு விட்டமின் சியைச் சேர்த்தால், அது செம்புக்கே எலக்ட்ரானைக் கொடுத்து ராடிக்கல்களைப் பெருக்கிவிடுகிறது.

அண்ணன் முகக்கவசமும் கையுறையும் போடட்டும், கை கழுவாமல் பீடியோ சாப்பாடோ தொட வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவரானால், விட்டமின் ஈ சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும். அதிக அளவில் அது ரத்தக்கசிவைக் கூட்டும்.