ஜீப் ட்ரெய்லருக்கு இரும்பு மூடி

1940-இல் அமெரிக்க இராணுவத்துக்கு முதல் ஜீப் மாதிரியைச் செய்து கொடுத்தது, பென்சில்வேனியாவின் பட்லர் நகரில் இயங்கிய அமெரிக்கன் பான்டம் நிறுவனம். ஜீப்பைப் பெருமளவில் தயாரிக்கும் வேலை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போய்விட்டது. பான்டம், ஜீப்புக்குப் பின்னால் மாட்டும் கால் டன் ட்ரெய்லரைச் செய்தது. அதுதான் டி-3. வெற்று எடை சுமார் 250 கிலோ, ஏற்றக்கூடிய சுமை சுமார் 227 கிலோ. தொட்டி 6 அடி நீளம், 3 அடி 10 அங்குல அகலம், 18 அங்குல ஆழம். ஆற்றில் இறக்கினால் மிதக்க வேண்டும் என்பதால் தண்ணீர் புகாதபடி செய்து, அடித்தகட்டில் திருகு அடைப்பான் வைத்தார்கள். மூடி கிடையாது. தார்ப்பாயைப் போர்த்தி, விளிம்புக்குக் கீழே உள்ள கொக்கிகளில் கயிற்றால் கட்டுவதோடு சரி.

இன்று அதில் கூடாரமும் சமையல் சாமானும் ஏற்றுகிறவர்களுக்குப் பூட்டுப் போடக்கூடிய இரும்பு மூடி தேவைப்படுகிறது. தார்ப்பாய்க்குப் பதில் தகடு, அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் அடியில் தண்ணீர் புகாத தொட்டிக்கு மேலேயும் ரப்பர் வைத்து அடைத்தால், ஏறத்தாழ 1,000 லிட்டர் காற்று உள்ளே சிறைப்படுகிறது. மூடியில் வரும் பாதிச் சிக்கல்களுக்கு இந்தக் காற்றே காரணம்.

வெயிலில் 45 பாகை செல்சியஸுக்குச் சூடான பெட்டி இரவில் 25-க்கு இறங்கினால் உள்ளிருக்கும் காற்று ஆறு சதவீதம் சுருங்கும். ஏறக்குறைய 60 லிட்டர் காற்று வெளியிலிருந்து உள்ளே வந்தாக வேண்டும். வழியே இல்லாமல் அடைத்திருந்தால், வெறும் 10 பாகை குளிர்ந்தாலே மூடியின் மேல் 700 கிலோவுக்கு மேற்பட்ட எடைக்குச் சமமான அழுத்தம் விழும். நடைமுறையில் அவ்வளவு தூரம் போகாது. அதற்கு முன்பே ரப்பர் எங்காவது இடம் கொடுத்துவிடும். சுட்டுக்கிடக்கும் தகட்டின் மேல் திடீரென மழை கொட்டும்போதுதான் சங்கடம். காற்று சட்டென்று சுருங்கி, ரப்பரின் ஓரத்தில் தேங்கிய தண்ணீரை உள்ளே உறிஞ்சிவிடும். "நல்ல ரப்பர்தான் போட்டோம், ஆனாலும் ஒழுகுகிறது" என்பதற்குப் பெரும்பாலும் இதுவே விடை. இன்னும் தடித்த ரப்பர் போட்டால் நிலைமை மோசமாகும்.

காற்று போய்வர வழி விடுவதே தீர்வு. மூடியின் மேல்தகட்டில் 10 மி.மீ. உயரக் கழுத்து எழுப்பி, அதன் மேல் காளான் வடிவத் தொப்பியுடன் 50 மி.மீ. துளைகள் இரண்டு போதும். உள்ளே கொசுவலைக் கம்பியும் நுரைப்பஞ்சும் வையுங்கள். இரண்டையும் எதிரெதிர் மூலைகளுக்கு அருகில் வைத்தால் ஈரமும் வெளியேறும். பின்விளிம்பை ஒட்டி வேண்டாம், ஓடும்போது தூசி சுழல்வது அங்கேதான். நிறுத்தி வைத்திருக்கும்போது அடியிலுள்ள அடைப்பான்களைக் கழற்றிவிட வேண்டும். பெட்டிக்குள் பெட்ரோல் கேனோ கேஸ் சிலிண்டரோ இருந்தால் இது கட்டாயம். அவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது, தொட்டியின் தரையில்தான் படியும், மேலே உள்ள துளை வழியாக வெளியேறாது.

அளவெடுப்பதைத் தொட்டியிலிருந்தே தொடங்க வேண்டும், வரைபடத்திலிருந்து அல்ல. எண்பது வருடம் அடிபட்ட விளிம்பு நேராக இருக்காது. இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, வித்தியாசம் இருந்தால் மூடியின் சட்டத்தையும் அதே கோணலுக்குச் செய்யுங்கள். மேடுபள்ளத்தில் தொட்டி முறுக்கிக்கொள்ளுமே என்ற பயம் பெரிதாக வேண்டாம். இரண்டு சக்கரம், ஒரு இழுவை வளையம் என மூன்றே புள்ளிகளில் ட்ரெய்லர் நிற்கிறது. வளையம் ஜீப்பின் பின்கொக்கிக்குள் சுழலக்கூடியது என்பதால் ஜீப்பின் சாய்வு தொட்டிக்கு வராது. நான்கு மூலைக்கும் முட்டுக்கொடுத்து வேலை செய்தால்தான் முறுக்கல் வரும். அந்த நிலையில் பொருந்திய மூடி, முட்டுகளை எடுத்ததும் பொருந்தாது.

ரப்பருக்கு, குமிழ் வடிவ ஈ.பி.டி.எம். (வெயில் மழை தாங்கும் ஒருவகைச் செயற்கை ரப்பர்) பட்டி சரி. 15 மி.மீ. குமிழ் 10 மி.மீ. ஆக அமுங்கினால் நன்றாக அடைக்கும். 8-க்கும் 12-க்கும் இடைப்பட்டால் சமாளிக்கும். ஆகவே விளிம்பின் மேடுபள்ளம் இரண்டு மி.மீ.-க்குள் வரும்வரை தட்டி நேராக்க வேண்டும். பலரும் கோட்டைவிடுவது கீலில். கீலின் அச்சு விளிம்பு மட்டத்தில் இருந்தால், கீல் பக்கத்து ரப்பர் முதலில் நசுங்கி, எதிர்ப்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அமுங்கிய ரப்பரின் மேல்மட்டத்தில், அதாவது விளிம்புக்கு 10 மி.மீ. மேலே, தொட்டிக்கு வெளியே அச்சு வர வேண்டும். விளிம்பு முழுக்க 10 மி.மீ. பட்டைகளை வைத்து, சட்டத்தை அதன் மேல் கிடத்தி, பிறகு கீலைப் பொருத்தினால் இது தானாக அமையும். ரப்பரின் இணைப்பு மூலையில் வரக் கூடாது, கீல் பக்கத்தின் நடுவில் வரட்டும். சோதிக்க விளிம்பில் சுண்ணப்பொடி தடவி மூடித் திறங்கள். ரப்பரில் வெள்ளைக் கோடு அறுந்திருக்கும் இடத்தில் தண்ணீர் நுழையும்.

சட்டத்தின் சுற்றுக்கு 25×25×2 மி.மீ. சதுரக் குழாய். குறுக்கே மூன்று கட்டைகள். இவற்றுக்கும் அதே குழாயைப் போடுவது வழக்கம், ஆனால் அது சரியல்ல. 80 கிலோ ஆள் நடுவில் ஏறினால், 1.2 மீட்டர் நீளக் கட்டை தனியாகத் தாங்கும்போது ஒன்பது மி.மீ. வரை வளையும். சாதாரண இரும்பு நிரந்தரமாக வளையும் எல்லையும் அப்போது தொலைவில் இருக்காது. 40×20×2 மி.மீ. குழாயை, 40 மி.மீ. பக்கம் நிமிர்ந்து நிற்கும்படி வைத்தால் வளைவு மூன்று மி.மீ.-தான். மூன்று கட்டைக்கும் சேர்த்துக் கூடும் எடை ஒரு கிலோவைத்தான் ஒட்டி வரும். கட்டைகளை நடுவில் 15 மி.மீ. உயரும்படி வளைத்துவிட்டால் தண்ணீர் தேங்காது.

மேலே 1 மி.மீ. இரும்புத் தகடு, ஓரத்தில் 50 மி.மீ. மடிப்பு. பழைய கயிற்றுக் கொக்கிகளில் மடிப்பு இடிக்காமல் பாருங்கள். தகட்டைச் சட்டத்தோடு தொடர்ச்சியாக வெல்டிங் செய்தால் சூட்டில் அலையலையாகச் சுருங்கும். பாலியூரித்தேன் பசையை மூன்று மி.மீ. தடிமனில் விட்டு ஒட்டுவதே மேல். அலுமினியத் தகடு என்றால் பசை தவிர வேறு வழியில்லை. 1.9 மீட்டர் நீளத்தில், 40 பாகை சூட்டுக்கு அது இரும்பைவிடச் சுமார் 0.8 மி.மீ. அதிகம் நீளும். இரும்பை நேரடியாகத் தொட்டால் ஈரத்தில் அரிக்கவும் செய்யும்.

இரும்பு மூடி மொத்தம் 40 கிலோ வரும். ஏற்றும் சுமையில் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். தூக்க, முன்சுவரிலும் பின்சுவரிலும் ஆளுக்கொரு 350 நியூட்டன் கேஸ் ஸ்ட்ரட் (அழுத்தப்பட்ட வாயுவால் மூடியைத் தள்ளித் தூக்கும் தண்டு). மூடி நீளவாக்கில் பக்கவாட்டில் திறக்கிறது என்று கொண்டால், மூடியில் பிடிக்கும் இடம் கீலிலிருந்து 300 மி.மீ. தள்ளி, அச்சு மட்டத்துக்கு 30 மி.மீ. கீழே. தொட்டியில் பிடிக்கும் இடம் கீலிலிருந்து 800 மி.மீ. தள்ளி, 200 மி.மீ. கீழே. மூடியிருக்கும்போது ஸ்ட்ரட்டின் நெம்புகோல் தூரம் (அது தள்ளும் கோட்டுக்கும் கீலின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரம்) ஏழு செ.மீ.-தான், ஆகவே மூடி தன் எடையால் அழுந்திக் கிடக்கும். 45 பாகை திறந்ததும் அது 29 செ.மீ. ஆகிறது. கணக்குப்படி 40 பாகைக்குச் சற்று முன்பே மூடி தானாக எழத் தொடங்கும். ஆரம்பத்தில் கைக்கு வரும் கனம் 16 கிலோ அளவு. ஸ்ட்ரட்டின் மெல்லிய தண்டு கீழ்நோக்கி இருக்கட்டும், உள்ளிருக்கும் எண்ணெய், கசிவைத் தடுக்கும் சீல் வளையத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். மூடியிருக்கும்போது அந்த விசை கீலை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. பழைய தகடு அதைத் தாங்காது, கீலின் பின்னால் மூன்று மி.மீ. இரும்புப் பட்டை கொடுங்கள். மூடியின் மேல் கேரியர் வைத்தால் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.

எடை இருக்கிறதே என்று கொண்டிகளில் சிக்கனம் வேண்டாம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 300 நியூட்டன் அளவு. அதில் பாதி மேல்நோக்கி இழுத்தாலும் இந்த மூடியின் எடைக்குக் கிட்டே வந்துவிடும், ஸ்ட்ரட்டுகளும் அதே திசையில்தான் தள்ளுகின்றன. திறக்கும் பக்கத்தில் இரண்டு, முன்னும் பின்னும் ஒவ்வொன்று என, இழுத்து மடக்கும் கொண்டிகள் நான்கு வேண்டும்.