புல்லட்டின் தாளம் எந்த உறுப்பில் இருக்கிறது?

பெரியப்பா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். "என்ன வேண்டுமானாலும் மாற்றிக்கொள் மக்களே, சத்தம் மட்டும் மாறக் கூடாது."

கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலையில் அவர் வீட்டுச் சாய்ப்பில் பதினோரு மாதமாகத் தார்ப்பாய் போர்த்தி நின்ற 1978ஆம் ஆண்டு புல்லட் அது. ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் வேலைக்காக வளைகுடாவுக்குப் போனபின் யாரும் அதைத் தொடவில்லை. அண்ணன் இருந்த நாளிலும் அதன் முன்விளக்கு அகல்விளக்கைவிடக் கொஞ்சம்தான் மேல். ஆடிச் சாரலில் கிக்கரை உதைத்து உதைத்துக் கணுக்கால் வீங்கும். பிரேக் பிடித்தால் நிற்பதா வேண்டாமா என்று வண்டி யோசிக்கும். இத்தனையையும் சரிசெய்ய வேண்டும், சத்தத்தைத் தொடாமல். அதற்கு முதலில் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும்.

சைலன்சரிலிருந்து என்று பலர் நினைக்கிறார்கள். சாலையில் காதைக் கிழித்துக்கொண்டு போகும் இளைஞர்களும் அப்படி நினைத்துத்தான் சைலன்சரை மாற்றுகிறார்கள். சைலன்சர் குரலைத்தான் தீர்மானிக்கிறது. தாளம் என்ஜினுக்குள் இருக்கிறது. நான்கு வீச்சு (ஸ்ட்ரோக்) என்ஜினில், பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் இரண்டு முறை சுற்றினால் ஒரு முறைதான் எரிபொருள் வெடிக்கும். புல்லட்டுக்கு ஒற்றை சிலிண்டர். நிமிடத்துக்கு 900 சுற்றில் அது நின்ற இடத்தில் ஓடும்போது வினாடிக்கு ஏழரை வெடிப்பு. நம் காது ஏறக்குறைய ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிடித்துவிடும். 1,400 சுற்றில் நிற்கும் ஒரு சிறிய பைக்கில் வினாடிக்குப் பன்னிரண்டு நெருங்கிவிடும். அடிகள் ஒன்றோடொன்று ஒட்டி இரைச்சலாகிவிடும்.

எல்லா என்ஜினும் 900 சுற்றில் ஓடிவிடாது. நான்கு வீச்சில் ஒன்றுதான் உழைக்கிறது. உறிஞ்சுவதற்கும், அழுத்துவதற்கும், புகையை வெளியேற்றுவதற்கும் ஆகும் மற்ற மூன்று வீச்சுகளும் கடனில் ஓடுகின்றன. அந்தக் கடனைக் கொடுப்பது ஃப்ளைவீல். குயவர் தம் சக்கரத்தைக் கோலால் நாலு சுற்றுச் சுற்றிவிட்டுப் பானையை வனைவார். கை எடுத்த பின்னும் சக்கரம் சுழலும். சக்கரம் கனமாக இருப்பதால்தான் அது முடிகிறது. சுழலும் பொருளில் சேமிக்கப்படும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் சேமிப்பு கால் பங்காகிவிடும். ஆகவே மெதுவாக ஓட வேண்டிய என்ஜினுக்கு ஃப்ளைவீல் மிகக் கனமாக இருந்தாக வேண்டும். புல்லட்டின் கிராங்க் பெட்டிக்குள் இரண்டு தடித்த இரும்பு வட்டுகள் இருப்பது இதற்காகத்தான்.

சிலிண்டரின் உடல்வாகும் அதற்கேற்றதே. விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் போய்வரும் நீளம் 90 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 346 சிசி வரும். அகலத்தைவிட நீளம் அதிகமுள்ள இத்தகைய சிலிண்டரில் பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் நெடுந்தூரம் ஓட வேண்டியிருப்பதால் வேகம் அதற்கு ஒத்துவராது. நிதானமாக இழுப்பதே அதன் இயல்பு. 1955இல் சென்னையில் இந்த வண்டியைத் தயாரிக்கும் கம்பெனி தொடங்கியபோது கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டிலேயே இல்லை. அடுத்த வருடம்தான் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் இந்த 70க்கு 90 என்ற அளவை யாரும் மாற்றவில்லை.

ஆகத் தொடக் கூடாதவை தெரிந்துவிட்டன: வீச்சு நீளம், ஃப்ளைவீலின் எடை, உறிஞ்சலுக்கும் வெளியேற்றத்துக்கும் வழிவிடும் வால்வுகள் திறக்கும் நேரம். இவற்றில் கை வைக்காத எந்த மாற்றத்தையும் பெரியப்பாவின் காது மன்னிக்கும் என்பது என் கணக்கு. ஒரு விஷயத்தில் மட்டும் அந்தக் கணக்கு கொஞ்சம் பிசகியது.

அது இக்னிஷன், அதாவது பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி ஏற்பாடு. பட்டறைகளில் 'பிளாட்டினம்' என்று சொல்லப்படும் அந்தக் குட்டித் தொடுமுனைகளில் பிளாட்டினம் கிடையாது, அவை டங்ஸ்டன். ஆதிகாலப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவை மூடியிருக்கும்போது பேட்டரியிலிருந்து காயிலின் முதல் சுருளில் மின்சாரம் ஓடிக் காந்தப்புலம் உண்டாகிறது. சரியான தருணத்தில், மேடு வைத்துச் சுழலும் ஒரு கேம் அவற்றைப் பிரிக்கிறது. மின்சாரம் சட்டென்று நிற்கிறது. வேகமாக ஓடும் தண்ணீர்க் குழாயைப் பட்டென்று மூடினால் குழாயே அதிர்ந்து 'டக்' என்கிறதல்லவா, ஏறக்குறைய அதே கதை. காந்தப்புலம் சரியும் வேகத்தில், பல்லாயிரம் சுற்றுக் கம்பி கொண்ட இரண்டாம் சுருளில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் எழுந்து பிளக்கில் பொறி தட்டுகிறது. 6 வோல்ட் பேட்டரியிலிருந்து இவ்வளவு பெரிய பொறி வருவதற்குக் காரணம் நிறுத்தத்தின் திடீர்த்தன்மை. மெல்ல நிறுத்தினால் ஒன்றும் வராது. பக்கத்தில் இருக்கும் கண்டென்சரின் வேலை, தொடுமுனைகளுக்கு நடுவே தீப்பொறி நீளாமல் உறிஞ்சி, அந்த நிறுத்தத்தைக் கூர்மையாக்குவது.

எளிமையான ஏற்பாடு. ஆனால் தேய்வது. கேமின் மேல் உரசும் ஃபைபர் குதி தேயத் தேய, 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டிய இடைவெளி குறைகிறது; பொறி தாமதமாக விழுகிறது. தொடுமுனையில் குழி விழுகிறது. அதற்கு மேல் நம் ஊர் உப்புக் காற்று. கடலோரக் குளச்சலிலோ முட்டத்திலோ ஒரு வாரம் வண்டியை வெளியில் நிறுத்திப் பாருங்கள். தொடுமுனையின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் பிடித்துவிடும். 6 வோல்ட்டுக்கு அதைத் துளைக்கும் திராணி இல்லை. மெக்கானிக் உப்புத்தாளை மடித்து இரண்டு இழுப்பு இழுத்ததும் வண்டி உயிர் பெறும். உப்பு செய்த கெடுதலை உப்புத்தாள் நீக்குகிறது என்று அவர் சொல்வார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

எலெக்ட்ரானிக் இக்னிஷனில் தொடுமுனைக்குப் பதில் ஒரு காந்தமும் உணரியும் இருக்கின்றன. காந்தம் கடக்கும்போது உணரி ஒரு சைகை தர, டிரான்சிஸ்டர் காயிலின் மின்சாரத்தை நிறுத்துகிறது. உரசல் இல்லை, எனவே தேய்மானமும் இல்லை. காயிலும் பிளக்கும் தத்துவமும் பழையவையே.

ஆனால் எந்த வகை வாங்குவது என்பதில் கவனம் வேண்டும். எரிபொருள் எரிந்து முடியச் சற்று நேரம் பிடிக்கும். ஒரு மில்லி வினாடியில் கிராங்க் 900 சுற்றில் 5.4 டிகிரிதான் திரும்பும்; 4,500 சுற்றில் 27 டிகிரி திரும்பிவிடும். அதனால் வேகம் கூடக் கூடப் பொறியை முன்கூட்டியே தட்ட வேண்டும். பழைய வண்டியில் ஸ்பிரிங் கட்டிய இரண்டு சிறு எடைகள் சுழற்சியில் விலகி இதைச் செய்கின்றன. சில நவீன இக்னிஷன் பெட்டிகள் அந்த எடைகளை ஒதுக்கிவிட்டுத் தம் விருப்பப்படி முன்னேற்றம் கொடுக்கும். மெதுவான ஓட்டத்தில் அது அதிகமாகிவிட்டால் என்ஜின் பதற்றமாக ஓடும், தாளம் போய்விடும். நாங்கள் பழைய எடைகளை அப்படியே விட்டு, தொடுமுனையை மட்டும் மாற்றும் வகையைப் போட்டோம்.

பெரியப்பா கண்களை மூடிக்கொண்டு கேட்டார். "முன்பெல்லாம் நடுவில் ஒன்று தவறுமே" என்றார். உண்மைதான். தேய்ந்த தொடுமுனையில் ஒவ்வொரு பொறியும் ஒரே நேரத்தில் விழாது. அந்தத் தடுமாற்றம்தான் அவருக்கு நாற்பது வருடமாகப் பழகிய துள்ளல். இப்போது அடி சீராக விழுகிறது. பழுதின் ஒரு துளி குணத்தோடு கலந்திருந்திருக்கிறது. அவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவரைச் சமாதானப்படுத்த ஓட்டத்தை இன்னும் மெதுவாக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். கூடாது. ஆயில் பம்ப் என்ஜினோடு சேர்ந்தே சுற்றுவது. என்ஜின் மெதுவானால் ஆயிலும் மெதுவாகத்தான் வரும். அடிக்கு அடி எண்ணிப் பார்க்க ஆசைப்பட்டு கிராங்க் பேரிங்கைப் பலி கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து விளக்கு. 35 வாட் பல்புக்கு 6 வோல்ட்டில் ஏறக்குறைய 5.8 ஆம்பியர் வேண்டும்; 12 வோல்ட்டில் அதில் பாதி போதும். நாற்பது வருடப் பழைய வயர், துருப்பிடித்த இணைப்புகள் எல்லாம் சேர்ந்து வெறும் 0.1 ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். 6 வோல்ட் வண்டியில் வழியிலேயே 0.58 வோல்ட் தொலைகிறது. அது கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. இழை பல்பின் வெளிச்சமோ வோல்ட்டேஜைவிட வேகமாக விழும்: பத்து சதவீதம் வோல்ட்டேஜ் குறைந்தால் வெளிச்சத்தில் சுமார் முப்பது சதவீதம் போய்விடும். 12 வோல்ட்டில் அதே வயரில் இழப்பு இரண்டரை சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே 12 வோல்ட்டுக்குப் போனோம். ஆல்டர்னேட்டரின் ஸ்டேட்டர், ரெகுலேட்டர், பேட்டரி, காயில், ஹாரன், பல்புகள் மாறின. முன்விளக்குத் தலையில் உட்கார்ந்து ஊசியை ஆட்டிக்கொண்டிருக்கும் ஆம்மீட்டர் மாறவில்லை. அதற்கு வோல்ட்டேஜ் ஒரு பொருட்டல்ல. ஓடும் ஆம்பியரைத்தான் காட்டும்.

எல்இடி போட்டால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு: முன்விளக்கின் கிண்ணம் ஒரு பரவளையம். பல்பின் இழை அதன் குவியத்தில் இருக்கும்படி கணக்கிட்டுச் செய்யப்பட்டது. எல்இடி சில்லுகள் பெரும்பாலும் அந்தப் புள்ளியில் சரியாக உட்காருவதில்லை. ஒளி சிதறும். உங்களுக்குச் சாலை தெரிகிறதோ இல்லையோ, எதிரே வருகிறவருக்குக் கண் கூசும்.

துருவுக்குப் பயந்து என்ஜினில் எல்லா இடத்திலும் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுகிறார்கள். பளபளப்பாக இருக்கும், துருப்பிடிக்காது. ஆனால் அது திருகப்படும் அலுமினிய உறை? உப்பீரம் பட்டால் இரண்டு வெவ்வேறு உலோகங்கள் ஒரு சிறு பேட்டரி போல ஆகிவிடும், இழப்பு அலுமினியத்துக்குத்தான். இரண்டு வருடம் கழித்துக் கழற்றும்போது போல்ட் மரையோடு சேர்ந்து வரும். போல்ட்டுக்குத் தடிப்பாகக் கிரீஸ் தடவிப் போடுவது கட்டாயம்.

ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டால் உறிஞ்சும் சத்தம் கம்பீரமாக இருக்கும் என்று ஒரு யோசனையும் வந்தது. மணவாளக்குறிச்சி வழியாகத் தினமும் போகிற வண்டிக்கு அதைவிடக் கெட்ட யோசனை இல்லை. அந்தக் கடற்கரை மணலில் இல்மனைட், மோனசைட் மட்டுமல்லாமல் கார்னெட்டும் இருக்கிறது. சில வகை உப்புத்தாளில் ஒட்டுவதும் கார்னெட்தான். இரும்பைவிடக் கடினமான அந்தத் துகளைக் காற்றோடு சிலிண்டருக்குள் அனுப்புவது, உள்ளே உப்புத்தாளை வைத்து ஓட்டுவதற்குச் சமம்.

இவற்றையெல்லாம்விட எனக்குத் தலைவலியாக இருந்தது பெட்ரோல். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அது எரியக் காற்று குறைவாகப் போதும். புதிய வண்டியில் கணினி இதை உணர்ந்து பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு மூளை இல்லை. துளை எவ்வளவோ அவ்வளவுதான் விடும். கலவை மெலிந்து என்ஜின் சூடாகும். பெட்ரோல் விடும் அந்தத் துளையான மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கிப் பிளக்கின் நிறத்தைப் பார்த்துச் சரிபார்த்தோம். மேலும் எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். பதினோரு மாதம் பாதி டேங்கோடு நின்றதில் அடியில் தண்ணீர் பிரிந்து தகட்டைத் தின்றிருந்தது. வளைகுடா போகிறவர்கள் டேங்கை நன்றாக வடித்துக் காயவைத்துவிட்டுப் போவது நல்லது.

ரப்பர் குழாயிலும் ஒரு வேடிக்கை. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் பால் வடியும் நம் இயற்கை ரப்பர், டயருக்கு அமிர்தம்; பெட்ரோலுக்கு முன் நிற்காது, ஊறிப் பெருத்துவிடும். பெட்ரோல் குழாய்க்கு எப்போதுமே நைட்ரில் போன்ற செயற்கை ரப்பர்தான். எத்தனால் வந்தபின் பழைய தர நைட்ரிலும் தளர்கிறது. மிதவை ஊசி, வாஷர், குழாய் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றினோம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பிரேக்கில் நான் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன். ஓட்டுபவரோடு சேர்த்து 240 கிலோ வண்டியை 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்த 33,000 ஜூல் வெப்பமாக மாற வேண்டும். 80 என்றால் 59,000. டிஸ்க் போட்டால் பிரச்சினை தீரும். ஆனால் ஹப், ஃபோர்க் எல்லாம் மாறி முன்பக்கத்தின் முகமே வேறாகிவிடும். பழைய டிரம்மையே வைத்துக்கொண்டு, புது லைனிங் ஒட்டி, ஷூவை டிரம்மின் வளைவுக்கு ஏற்ப லேத்தில் கடைந்து எடுத்தோம். முன்பு ஷூ நடுவில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. இப்போது முழு முகமும் பதிகிறது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன். மழையில் டிரம் நனைந்தால் இன்றும் முதல் இரண்டு பிடி வழுக்கும். கோதையாறு இறக்கத்தில் கியரைக் குறைத்து என்ஜினைக் கொண்டே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறேன்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியின் அடிப்படை விவரங்களைத் தன்னிச்சையாக மாற்றுவதைத் தடுக்கிறது. ஐம்பது வயது கடந்த வண்டிகளை விண்டேஜ் என்று பதிவுசெய்ய 2021இல் தனி விதிகள் வந்தன. அதற்கு அடிச்சட்டமும் என்ஜினும் பெரிதாக மாறாமல் இருக்க வேண்டும். எங்கள் வண்டிக்கு 2028இல் ஐம்பது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்ட முடியாது. பெரியப்பாவோ தினமும் மாலை டீக்கடைக்குப் போக வேண்டும் என்கிறார்.

மெக்கானிக் கடைசியாக ஒரு வேலை செய்தார். கழற்றிய தொடுமுனைத் தட்டையும் கண்டென்சரையும் துடைத்து, எண்ணெய்த்தாளில் சுற்றி, இடைவெளி அளக்கும் ஒரு ஃபீலர் கேஜோடு டூல் பாக்ஸில் வைத்தார். புதுப் பெட்டி மலையில் எங்காவது செத்துவிட்டால் நாலு ஸ்க்ரூவில் பழையதைப் பொருத்தி வீட்டுக்கு வந்துவிடலாம். அந்தத் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்த பிறகுதான் பெரியப்பா என்னிடம் சாவியைக் கேட்டார்.