டேபிள் யார் உயரத்துக்கு?

பெங்களூர் அல்சூரில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறேன். கழுத்து வலி என்று வருபவர்கள் பெரும்பாலும் ஐடி ஆட்கள்தான். அவர்களோடு அறுவை சிகிச்சையில் மேற்படிப்பு படிக்கும் பிஜி டாக்டர்களும் வருகிறார்கள். சேலம், தர்மபுரிப் பக்கத்துப் பிள்ளைகள், தமிழில் பேசலாமே என்று தேடி வருவார்கள். ஐடி ஆட்கள் வலி ஆரம்பித்த வாரமே வந்துவிடுவார்கள். இவர்கள் வருவதோ விரல் மரத்துப்போன பிறகு. அதுவரை வலி மாத்திரை, அதுவும் வெறும் வயிற்றில்.

ஆறடிப் பையன் ஒருவன் வந்தான். ஆபரேஷன் தியேட்டரில் எப்படி நிற்பாய், காட்டு என்றேன். என் கட்டிலைத் தொடை அளவுக்கு இறக்கச் சொன்னான். கழுத்தை முழுதாக மடக்கி, வெட்டிய இடத்தை விரித்து வைக்கும் ரிட்ராக்டரைப் பிடிக்கும் கையை நீட்டி, இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து நின்றான்.

"டேபிளைக் கொஞ்சம் ஏற்றச் சொல்லேன்."

"ஆபரேஷன் செய்யும் சீஃப் டாக்டர் என் தோள் உயரம்தான் அக்கா. அவரிடம் போய் எப்படிச் சொல்வது?"

நம் தலை ஐந்து கிலோ இருக்கும். அறுபது டிகிரி குனிந்தால் கழுத்தெலும்பில் இருபத்தேழு கிலோ அளவுக்குச் சுமை விழுகிறது என்று 2014இல் வந்த ஒரு கணக்கு சொல்கிறது. ஜிம்முக்குப் போய்த் தோளைப் பலப்படுத்தினால் சரியாகிவிடும் என்று இந்தப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பலம் நல்லதுதான். ஆனால் மணிக்கணக்கில் அசையாமல் அந்தச் சுமையைத் தாங்குகிற கழுத்து எந்த ஜிம்மிலும் தயாராவதில்லை.

குழுவில் யார் உயரமோ அவருக்குத் தக்கபடி டேபிளை வைக்க வேண்டும், மற்றவர்கள் ஸ்டூல் மேல் ஏறிக்கொள்ள வேண்டும். குள்ளமானவரை ஏற்றலாம், உயரமானவரைச் சுருக்க முடியாதே! நடைமுறையில் டேபிள் சீஃப் உயரத்துக்குத்தான் நிற்கிறது. சீஃப் ஸ்டூலில் ஏறினால் கௌரவம் ஒன்றும் இறங்கிவிடாது.

திறந்த அறுவையில் கை வேலை செய்யும் இடம் முழங்கை மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும். சின்னத் துளை வழியே கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபியில் கணக்கு மாறும். வயிறு வாயுவால் உப்பியிருக்கும், கருவிகளும் நீளம். கைப்பிடி முழங்கை மட்டத்துக்கு வர, டேபிள் நன்றாகக் கீழே இறங்க வேண்டும். பழைய டேபிள்கள் அவ்வளவு இறங்காது. அப்போது தோள் காதைத் தொடும், முழங்கை வெளியே விரியும். திரை நேர் எதிரே, கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். இருக்கிற ஒரு திரையும் சீஃபைப் பார்த்தே நிற்கும்; கேமரா பிடிக்கும் பிஜி கழுத்தைத் திருப்பியபடியே நிற்பார். இரண்டாவது திரை இருந்தால் எதிர்ப்பக்கம் வைக்கச் சொல்லுங்கள்.

சின்னக் கை உள்ள பெண் டாக்டர்களின் பாடு தனி. ஆறு, ஆறரை கையுறை போடுகிறவர்களுக்கு உள்ளே தையலுக்குப் பதில் பின் அடிக்கும் ஸ்டேப்லரை ஒரு கையால் அழுத்துவதே சிரமம். கைப்பிடி வளையத்துக்குள் கட்டைவிரலை ஆழமாக நுழைத்து அழுத்துவதால் விரலின் பக்கவாட்டு நரம்பு நசுங்கி மரத்துப்போகும். விரல் நுனிக்கருகில் மட்டும் வளையம் இருக்கட்டும். முடிந்த இடத்தில் உள்ளங்கையால் பிடியுங்கள். மின்சாரத்தால் சுட்டு ரத்தத்தை நிறுத்தும் டயத்தர்மி கருவியின் பெடல் கால் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஸ்டூலில் நின்றால் பெடலும் ஸ்டூலுக்கு வர வேண்டும்.

நடுவில் ஓய்வுக்காக நிறுத்தினால் ஆபரேஷன் இழுத்துக்கொண்டே போகும் என்று பயப்படுகிறார்கள். ஜெர்மனியில் ஹனோவரில் குழந்தைகளுக்கான லேப்ராஸ்கோபியில் அரை மணிக்கொரு தடவை ஐந்து நிமிடம் நிறுத்திப் பார்த்தார்கள். 2011இல் வந்த முடிவு: நேரம் கூடவில்லை. ஐந்து நிமிடம் கிடைக்காவிட்டால் ஒன்றரை நிமிடம் போதும். கையுறையைக் கழற்ற வேண்டாம். கைகளை நெஞ்சுக்கு முன்னால் வைத்தபடி தோளைப் பின்னால் சுழற்றுங்கள், முகவாயை உள்ளே இழுங்கள், குதிகாலைத் தூக்கி இறக்குங்கள்.

இதையெல்லாம் எப்போது கேட்பது? உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த பாதுகாப்புப் பட்டியலின்படி, கத்தி வைக்கும் முன் எல்லோரும் நின்று பெயரும் பொறுப்பும் சொல்ல வேண்டும். ஜூனியருக்கும் அங்கே வாய் திறக்க அனுமதி உண்டு. அதோடு ஒரே வரி: "சார், டேபிள், திரை எல்லாருக்கும் சரியா இருக்கா?" சார் முறைப்பாரோ என்று பயந்தால் தியேட்டர் சிஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அவர் கேட்டால் யாரும் முறைப்பதில்லை.

அப்புறம், கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்து ராத்திரி தூக்கம் கலைந்தால் மணிக்கட்டு நரம்பைச் சந்தேகியுங்கள். மரப்போடு கழுத்திலிருந்து கைக்கு மின்னல் மாதிரி வலி இறங்கினாலோ, பிடி தளர்ந்தாலோ, மாத்திரையை வைத்துவிட்டு அந்த வாரமே யாரிடமாவது காட்டுங்கள்.